மேகலாவைப் பார்க்கப் போகும் நாள்

1

ஆண்டுக்கு ஒருமுறை நானும் ஸ்டெல்லாவும் நல்ல உடை உடுத்திக்கொண்டு ரயிலேறிப் பக்கத்து நகரத்தில் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறோம். "மேகலாவப் பாக்கப் போறோம்" என்பாள் ஸ்டெல்லா. முதல் ஆண்டு அதைத் திருத்தப் பார்த்தேன். இப்போது திருத்துவதில்லை.

மேகலா எங்கள் ஒரே மகள். பதிமூன்று வயதில் இறந்துபோனாள். சென்ற சனிக்கிழமையோடு மூன்று ஆண்டுகள்.

நெதர்லாந்தில் நாங்கள் வசிக்கும் இந்தச் சிறு ஊரின் கல்லறைத் தோட்டத்தில்தான் அவளை அடக்கம் செய்தோம். இங்கே கல்லறைக்கும் தவணை உண்டு. குறிப்பிட்ட ஆண்டுகள் முடிந்ததும், இடத்தைப் புதுப்பிக்கிறீர்களா, விட்டுவிடுகிறீர்களா என்று கேட்பார்கள். அங்கே ஞாயிறுதோறும் போகிறோம், ஸ்டெல்லா ஜெபம் செய்வாள், நான் புல்லைப் பிடுங்குவேன். ஆனால் மகள் இறந்த நாளன்று மட்டும் ஆய்வுக்கூடம்தான். மேகலாவின் தோலிலிருந்து எடுத்த செல்களை அங்கே இதயத் தசையாக வளர்த்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தசை துடிக்கிறது.

சொந்த ஊரில் இருப்பவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கத்து முதலமடை. அப்பாவுக்கு அங்கே மாந்தோப்பு இருந்தது. கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தபோது ஸ்டெல்லாவைச் சந்தித்தேன். அவள் இடுக்கி மலையில், சாந்தன்பாறை ஏலத்தோட்டத்துக்கு மதுரைப் பக்கமிருந்து வேலைக்கு வந்த குடும்பத்தில் வளர்ந்தவள், பாலக்காட்டில் நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கல்யாணத்துக்கு என் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. சாதியும் வேறு, சாமியும் வேறு. அப்பா கடைசிவரை அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இயந்திரம் விற்கும் கம்பெனி ஒன்று என்னை இந்த நாட்டுக்கு அழைத்தபோது, வந்துவிடுவதே நிம்மதி என்று தோன்றியது.

இங்கே எனக்கு ஒரு குடும்பப் பெயர் தேவைப்பட்டது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டார்கள். பழனிசாமி என்று நர்ஸ் கூப்பிட்டால் நான் எழுந்து நிற்க வேண்டும். என் மகளும் இந்த நாட்டில் பழனிசாமிதான். தன்னைப் பேத்தியென்று ஒப்புக்கொள்ளாத மனிதரின் பெயரைத்தான் அவள் பள்ளிக்கூடப் பையில் எழுதி வைத்திருந்தாள்.

மேகலாவுக்குத் தமிழ் காதுக்குள் போகும், வாய்க்கு வராது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் டச்சில் பதில் சொல்வாள். ஆசைப்பட்டு எப்போதாவது தமிழில் பேசினால் டச்சு வாக்கியத்தை அப்படியே தமிழ்ச் சொற்களால் கட்டியது போல இருக்கும். ஸ்டெல்லாவின் மதுரைப் பக்கத்துப் பேச்சும் என் கொங்குப் பேச்சும் அதில் குழம்பிக் கிடக்கும்.

பதினொரு வயதில் நோயைக் கண்டுபிடித்தார்கள். இதயத் தசை மெலிந்து, இதயம் பலூன் போல விரிந்துகொண்டே போகும் நோய். பரம்பரையாக வருவது. மூன்று பேருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஸ்டெல்லாவிடம் இல்லை. என்னிடம் இருந்தது. எனக்கு அந்த மரபணு பெரிய தொந்தரவு எதுவும் தரவில்லை, ஒரு மாத்திரையோடு சரி. மேகலாவிடம் மட்டும் அது முழு வேகத்தில் இருந்தது.

"சிலருக்கு அப்படி, சிலருக்கு இப்படி. ஏன் என்று எங்களுக்குத் தெரியவில்லை" என்றார் மருத்துவர்.

மாற்று இதயத்துக்குப் பெயர் பதிந்தோம். அந்தக் காத்திருப்பு நாள்களில்தான் ஆனக்கே எங்கள் வாழ்க்கைக்குள் வந்தாள். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் நெட்டையான பெண், நரைக்கத் தொடங்கிய முடி. மேகலாவின் கையிலிருந்து மிளகளவு தோல் கேட்டாள். அந்தத் தோல் செல்களைப் பின்னோக்கி நடத்தி, கருவில் இருக்கும் செல்களைப் போல ஆக்கிவிடலாம். அதன் பிறகு எந்த உறுப்பாகவும் வளர்க்கலாம். இதயத் தசையாக வளர்த்து, இந்த நோய் அதற்குள் என்ன செய்கிறது, எந்த மருந்து அதைத் தாங்கிப் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். என்றாவது ஒரு நாள், நல்ல தசையைத் துண்டாக வளர்த்து, கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவதைப் போல நோயுற்ற இதயத்தின்மேல் தைத்துவிட முடியும்.

இந்த நாட்டில் பன்னிரண்டு வயதானால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். மேகலாவுக்கு அப்போதுதான் பன்னிரண்டு முடிந்திருந்தது. ஆனக்கே எங்களை விட்டுவிட்டு அவளிடமே பேசினாள்.

"அந்த ஒட்டு எனக்குக் கிடைக்குமா?" என்று கேட்டாள் மேகலா.

ஆனக்கே நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "உனக்குக் கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். இன்னும் நிறைய ஆண்டுகள் ஆகும். உனக்குப் பிறகு வருபவர்களுக்குக் கிடைக்கலாம்."

எனக்கு அந்தப் பெண்ணை அறைய வேண்டும்போல இருந்தது. குழந்தையிடம் பேசுகிற பேச்சா இது? மேகலா சிறிது நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எந்தக் கையில் எடுப்பீர்கள்? நான் இடது கைக்காரி" என்றாள். அதுதான் அவள் சம்மதம்.

3

மாற்று இதயம் வரவில்லை. அவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஸ்டெல்லா தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது போய்விட்டாள்.

இறப்பைப் பதிய, அடக்கம் செய்யும் நிறுவனத்துக்காரரோடு நானும் நகராட்சிக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் இளைஞர், மரியாதையானவர். மேகலாவின் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் என்று ஒவ்வொன்றாகத் திரையில் பார்த்துப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "க்ளொப்த் ஹெத்?" என்று கேட்டார்.

எல்லா அலுவலகத்திலும் கேட்கிற கேள்விதான். சரியாக இருக்கிறதா என்று பொருள். ஆனால் இந்த மொழியில் இதயம் துடிப்பதற்கும் இதே சொல்தான். இரண்டு ஆண்டுகளாக மருத்துவமனையில் அந்தச் சொல்லை நான் அந்தப் பொருளில் மட்டுமே கேட்டிருந்தேன். துடிக்கிறதா என்று அவர் கேட்டதாகவே காதில் விழுந்தது. "இல்லை" என்றேன். அவர் பதறிப்போய், எதில் பிழை, பெயரிலா தேதியிலா என்று மறுபடியும் முதலிலிருந்து படித்தார். கூட வந்தவர்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் சரி என்று அவரிடம் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து ஆனக்கே கூப்பிட்டாள். விருப்பம் இருந்தால் வந்து பார்க்கலாம் என்றாள். நான் வேண்டாம் என்றேன். ஸ்டெல்லா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றாள்.

நுண்ணோக்கியில் குனிந்தவள் நெடுநேரம் நிமிரவில்லை. அவளுக்குப் பிறகு நான் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், நூலிழை போல ஒரு தசை, இரண்டு சிறு தூண்களுக்கு நடுவே கட்டியிருந்தது. அது தன்னைத் தானே இழுத்துச் சுருங்கியது. விட்டது. மறுபடியும் இழுத்தது. நடுவில் ஒரு துடிப்பை விட்டுவிட்டு, பிடிக்க ஓடுவதைப் போல இரண்டை அடுத்தடுத்துத் துடித்தது. மருத்துவமனைத் திரையில் இரவும் பகலும் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த அதே தடுமாற்றம்.

4

அந்த மரபணு என்னிடம் இருந்தது என்றால், அதற்கு முன் என் அப்பாவிடமோ அம்மாவிடமோ இருந்திருக்க வேண்டும். என் தம்பி செந்தில் பத்தொன்பது வயதில், மாங்காய்ப் பெட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அப்படியே சாய்ந்தான். கொல்லங்கோட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வெயில் அடித்துவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். முதலமடை வெயிலைப் பார்த்தவர்கள் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

மீதி இருப்பது என் தங்கை வளர்மதி. தோப்பை இப்போது அவளும் மச்சானும்தான் பார்க்கிறார்கள். அவளுக்கு ஒரே மகள் கீர்த்தனா. படித்து முடித்துக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறாள்.

வளர்மதியிடம் போனில் சொன்னேன். "பாக்கலாமுங்ண்ணா" என்று வைத்துவிட்டாள். மறுபடியும் சொன்னேன். கீர்த்தனாவுக்கு வரன் பேசிக்கொண்டிருப்பதாகவும், பொள்ளாச்சிப் பக்கம் நல்ல இடம் என்றும் பேச்சை மாற்றினாள். போனில் ஆகிற காரியம் இல்லை என்று சென்ற மாங்காய்ப் பருவத்தில் நேரிலேயே போனேன். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். "என்னயப் பாத்தா அவுக இன்னும் இறுகிப்போவாக. நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள்.

வாசலில் மாங்காய் குவிந்து கிடந்தது. இரண்டு பேர் வைக்கோல் பரப்பிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வளர்மதி எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். செந்திலைப் பற்றியும் சொன்னேன்.

"செந்திலு வெயில்ல போனானுங்ண்ணா. அது ஊருக்கே தெரியும்."

"வெயில் ஒரு சாக்கு அம்மிணி. நெஞ்சுல நோவு இருந்திருக்குது, நமக்குத் தெரியல."

"அந்த எஸ்டேட்டுப் பக்கமிருந்து வந்த நோவா இருக்குமுங்க. அவிக சனத்துல விசாரிச்சீங்களா?"

"ஸ்டெல்லாவுக்கு இல்ல. எனக்குத்தான் இருக்குது. நம்ம ரத்தம் அம்மிணி."

அவள் முகம் மாறியது. "எனக்கு இருந்தாத்தானே என்ற புள்ளைக்கு வரும்? நான் கல்லாட்டம் இருக்கறேன். பெட்டி தூக்கறேன், தோப்பு சுத்தறேன். எனக்கென்ன நோவு?"

"நானும் அப்படித்தானே இருக்கறேன்?"

அவள் காலித் தம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தாள். எனக்கு அவளை எப்படி நம்பவைப்பது என்று தெரியவில்லை. "மேகலாவோட செல் இன்னும் உசுரோட இருக்குது வளர். அத வெச்சு மருந்து கண்டுபிடிக்கறாங்க" என்றேன்.

"செல்லா? போனுங்களா?"

பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். நான் தோல், தசை, துடிப்பு என்று விளக்கினேன். விளக்க விளக்க அவள் எழுந்து பின்னால் நகர்ந்தாள்.

"செத்த புள்ளையோட நெஞ்சத் துடிக்க வுட்டுட்டு வருசா வருசம் போயிப் பாக்கறீங்களா? அந்தப் புள்ளைக்கு எப்படிங்ண்ணா கதி கெடைக்கும்?" அவள் குரல் உடைந்தது. "உங்குளுக்குப் புள்ள போன துக்கம். அது எனக்குப் புரியுதுங்க. அதுக்காக என்ற புள்ளை மேல சீக்காளின்னு முத்திர குத்தோணுமா? பொள்ளாச்சிக்காரங்க காதுல உழுந்தா என்னாகும்? போயிட்டு வாங்ண்ணா. கல்யாணத்துக்குச் சொல்லியுடறேன்."

நான் எழுந்துகொண்டேன். என் தங்கை என்னை இப்படி அனுப்பியதில்லை. அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரிந்தது.

5

கோயமுத்தூர் விமான நிலையத்துக்குக் கீர்த்தனாதான் காரில் கொண்டுவந்து விட்டாள். கஞ்சிக்கோடு தாண்டி வாளையாறு வந்துவிட்டோம். லாரிகள் வரிசையாக நின்ற இடத்தில் வண்டியை நிறுத்தி, சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மாமா, அம்மா கத்துனது கேட்டுச்சுங்க. அந்த டெஸ்ட்டு எங்க எடுக்கறதுங்க?"

"உங்கம்மாவுக்குத் தெரியாம வேண்டாம் சாமி."

"தெரியாம எதுக்குங்க? நானே கூட்டிட்டுப் போறேன். அம்மாவுக்கும் சேத்துத்தான் எடுக்கோணும், இல்லீங்களா?"

"கல்யாணப் பேச்சு நடக்குதே…"

"அதுக்குத்தானுங்க முன்னாடியே பாக்கோணும். அப்பறம் தெரிஞ்சா அவருக்கு நான் என்னன்னு சொல்றது?" போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "மேகலா பயந்தாளுங்களா மாமா?" என்று கேட்டாள்.

அவர்கள் இருவரும் ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை. போனில் படங்கள் அனுப்பிக்கொள்வார்கள் என்பதுகூட அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மேகலா அனுப்பிய கடைசிப் படத்தைக் காட்டினாள். மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து, தோல் எடுத்த இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தாள் என் மகள். நான் இதுவரை பார்க்காத படம்.

"பயந்தா. எங்ககிட்டச் சொல்லல" என்றேன்.

கோயமுத்தூரில் எங்கே போக வேண்டும், எந்த மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். தாயை அவள் எப்படிச் சம்மதிக்கவைத்தாள் என்று தெரியாது. சில வாரங்களில் ஒரு செய்தி வந்தது. இரண்டு பேருக்கும் இருக்கிறது. வளர்மதிக்கு என்னைப் போலவே, ஒன்றும் செய்யவில்லை. கீர்த்தனாவுக்கு இதயம் இலேசாக விரியத் தொடங்கியிருக்கிறது. மாத்திரை தொடங்கியாயிற்று. பொள்ளாச்சிப் பையனிடம் அவளே நேரில் சொல்லிவிட்டாள். அவன் அழுதானாம். அவன் வீட்டார் பக்குவமாக விலகிக்கொண்டார்கள்.

வளர்மதி மட்டும் பேசவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

6

சென்ற சனிக்கிழமை எங்களை வரவேற்க ஆனக்கே வாசலில் நின்றுகொண்டிருந்தாள். செல்களுக்கு விடுமுறை கிடையாது, தினமும் யாராவது வந்து உணவு மாற்ற வேண்டும். அதனால் சனிக்கிழமையும் அவள் இருப்பாள். இந்த முறை காட்டுவதற்குப் புதிதாக ஒன்று இருப்பதாகச் சொன்னாள். அவள் குரலில் உற்சாகம் இருந்தது, அதை எங்கள் முன்னால் அடக்கப் பார்த்தாள்.

இரண்டு கிண்ணங்களை வைத்தாள். ஒன்றில் நாங்கள் பார்த்துப் பழகிய அந்தத் தடுமாறும் துடிப்பு. இன்னொன்றில் இருந்ததும் மேகலாவின் செல்கள்தான், ஆனால் பிழையான அந்த ஒற்றை மரபணுவைத் திருத்தி வளர்த்தவை. அந்தத் தசை சீராக, ஒரே அளவில், சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு துடிப்புகூடத் தவறவில்லை.

"இது சரியான பாதை என்று தோன்றுகிறது. விலங்குகளில் ஒட்டுப் போட்டுப் பார்ப்பது அடுத்த படி. மனிதர்களுக்கு வர இன்னும் காலம் ஆகும். ஆனால் வரும்" என்றாள் ஆனக்கே.

என் மனத்தில் கீர்த்தனாதான் இருந்தாள். அவளுக்கு முப்பது, நாற்பது வயதாகும்போது வந்துவிடுமா? இப்போதுள்ள மாத்திரை அதுவரை தாங்குமா? கேட்டேன். எத்தனை ஆண்டு என்று சொல்ல முடியாது என்றாள். இந்தப் பெண் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஸ்டெல்லா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் உடைந்த டச்சில் கேட்டாள்: "இதில் எது என் மகள்?"

ஆனக்கே கிண்ணங்களைப் பார்த்தாள். இரண்டும் என்றாள். உடனே, இரண்டும் இல்லை, மன்னித்துவிடுங்கள் என்றாள். அவள் கண்கள் கலங்கிவிட்டன.

"இந்த நல்லா இருக்கறது வேற யாரோ பிள்ள" என்று ஸ்டெல்லா என்னிடம் தமிழில் சொன்னாள். தடுமாறும் கிண்ணத்தைக் காட்டினாள். "இதுதான் எம்பிள்ள." ஆனால் கிளம்பும் முன் சீராகத் துடித்த அந்தத் தசையின் முன்னால் மீண்டும் போய்க் குனிந்து நின்றாள். அவள் தோள்கள் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் கதவருகிலேயே நின்றேன். இப்படி ஓர் இதயம் மேகலாவுக்கு இருந்திருந்தால், இந்த ஆண்டு அவள் எங்களோடு ஏதாவது சண்டை போட்டுக்கொண்டிருப்பாள், அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருப்பாள், தமிழை இன்னும் கொஞ்சம் மறந்திருப்பாள்.

7

வீடு வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது. வளர்மதி. ஊரில் அப்போது மாலையாகியிருக்கும்.

"அண்ணா, இன்னிக்குத்தானுங்களே மேகலாவோட நாளு?"

"ஆமா அம்மிணி."

"போயிட்டு வந்தீங்களா?"

"வந்துட்டோம்."

பின்னால் லாரி ஒன்று பின்வாங்கும் ஓசை கேட்டது. "நங்கையா இருக்கறாங்களா? குடுங்களேன்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் அண்ணனின் மனைவியை அப்படித்தான் அழைப்பார்கள். இத்தனை ஆண்டுகளில் அந்தச் சொல் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. ஸ்டெல்லாவுக்கு அதன் பொருளே தெரியாது. போனை ஸ்பீக்கரில் போட்டு அவளிடம் நீட்டினேன்.

"சொல்லு வளர்."

"நங்கையா, நான் பேசுனதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க." வளர்மதி மூச்சை இழுத்துக்கொண்டாள். "கீர்த்தனா நல்லாத்தான் இருக்கறேங்கறா. வேலைக்குப் போறா, சிரிக்கறா. எனக்கு எதப் பாக்கோணும்னு தெரியலீங்க. டாக்டர் சொல்றது புரியமாட்டீங்குது. மேகலாவுக்கு மொத மொத எப்படிங்க ஆரம்பிச்சுது?"

மகளின் நோய் எப்படித் தொடங்கியது என்பதைப் பற்றி நானும் ஸ்டெல்லாவும் இந்த மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை. இருவருக்கும் தெரியும், இருவரும் தொடுவதில்லை. நான் போனை வாங்கிவிடலாமா என்று கையை நீட்டினேன். ஸ்டெல்லா என் கையை விலக்கிவிட்டு, கோட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"இங்கன எல்லாம் மட்டத் தரைதான் வளர். பாலத்துல மட்டும் கொஞ்சம் ஏத்தம் இருக்கும். சைக்கிள்ல வாரப்ப பாலத்து மேல எறங்கி நிப்பா. காத்து அடிக்குதும்மா, அதான்னுவா. நானும் காத்துன்னுதான் நெனச்சேன்." அவள் குரல் நர்ஸ் குரல் போல நிதானமாக இருந்தது. "பொறகு ராத்திரி ரெண்டு தலகாணி கேட்டா. கால் லேசா வீங்குச்சு, செருப்பு இறுக்குதுன்னா. வளருற பிள்ள, புதுச்செருப்பு வாங்கிக் குடுத்தேன்."

"செருப்புங்களா?" என்று வளர்மதி மெல்லக் கேட்டாள். அவள் அங்கே ஏதோ யோசிப்பது தெரிந்தது.

"கால் வீக்கத்தப் பாரு. தலகாணியப் பாரு. படியேறும்போது பேச்ச நிறுத்துறாளான்னு பாரு." ஸ்டெல்லா கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "அதுக்கெல்லாம் முந்தியே ஒரு நாள் எங்ககிட்ட வந்து, 'அம்மா, என் நெஞ்சு ஓடுது'ன்னா. டச்சுல சொல்லியிருந்தா படபடப்புன்னு புரிஞ்சிருக்கும். எங்களுக்காகத் தமிழ்ல சொன்னா வளர். நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம். நெஞ்சு ஓடாதுடி, காலுதான் ஓடும்னு சொல்லிக் குடுத்தோம். அவளும் சிரிச்சுக்கிட்டே, சரின்னு போயிட்டா."

போனில் லாரி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

"கீர்த்தனா உங்கிட்ட என்னத்தயாச்சும் சொன்னா," என்றாள் ஸ்டெல்லா, "எப்படிச் சொன்னாலும், சிரிச்சிராத."